பாத்திரம் ஒன்றா, இரண்டா?

(டுரியான் துங்கால் தோட்டக் கிராணி ஒருவர் எழுதுவது)

ஒரே சுவிசேஷத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு கிறிஸ்தவ உலகம் எத்தனை பிரிவாகப் பிரிந்து கிடக்கிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். ரோமன் கத்தோலிக்கர், கிழக்குச் சபையார், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பெந்தெகொஸ்தே என்று பெயர்கள் நீளும். ஒவ்வொரு பிரிவும் ஒரு வசனத்துக்கு ஒரு பொருள் சொல்லி, அப்பொருளுக்காக வாதாடி, சில காலங்களில் அதற்காக இரத்தமும் சிந்தியிருக்கிறது. நம்முடைய மலாக்காவே இதற்குச் சாட்சி. 1511 இல் வந்த போர்த்துக்கேயர் குன்றின்மேல் வைத்திருந்த கோவிலை, 1641 இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர் தம்முடைய பிரிவுக்கு உரியதாக்கிக்கொண்டனர். கத்தோலிக்கர் வெளிப்பட வழிபடுதல் தடுக்கப்பட்டது. 1710 இல்தான் அர்ச். இராயப்பர் பெயரால் அவர்களுக்கு ஒரு கோவில் எழுந்தது. 1753 இல் டச்சுக்காரர் கட்டி முடித்து, இன்று சிவப்புச் சாயம் பூசி நிற்கும் கோவிலை, 1838 இல் ஆங்கிலச் சபையின் கல்கத்தாப் பேராயர் வந்து தம் முறைப்படி பிரதிஷ்டை செய்தார். ஊர் ஒன்று, சுவிசேஷம் ஒன்று, வியாக்கியானம் மூன்று.

இவற்றுள் எது மெய்யான வியாக்கியானம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அது அவரவர் மனச்சாட்சிக்கும் படிப்புக்கும் உரிய காரியம். நாம் கேட்கப் புகுவது வேறொரு கேள்வி. அப்பம் என்ன, இரசம் என்ன, பேதுருவின் அதிகாரம் என்ன, ஞானஸ்நானத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பவற்றில் எல்லாம் ஒருவரோடு ஒருவர் உடன்படாத இந்தச் சபைகள், தமிழனிடத்தில் வந்து சேர்ந்தபோது, ஒரே ஒரு விஷயத்தில் மாத்திரம் நெடுங்காலம் உடன்பட்டு நின்றது எப்படி? அந்த ஒரு விஷயம் ஜாதி. சுவிசேஷத்தின் கடினமான வாக்கியங்களுக்கு ஆளுக்கொரு பொருள் கண்ட பெரியோர்கள், அதன் எளிய வாக்கியங்களைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டார்களே, இது ஏன்?

“கிறிஸ்தவர்களின் வீட்டுச் சண்டை நமக்கெதற்கு?” என்று கிறிஸ்தவரல்லாத நேயர் கேட்கலாம். சமத்துவம் பேசும் ஒரு நூல் கையில் இருந்துவிட்டால் சமத்துவம் தானே நடந்துவிடும் என்று நம்மவரில் பலர் நம்புகிறார்கள். அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்க் கிறிஸ்தவ சரித்திரத்தைப்போல உதவும் உரைகல் வேறில்லை. ஆதலால் இது எல்லாருக்கும் உரிய விஷயமே.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்திலிருந்து தொடங்குவோம். வழிநடந்து களைத்த இயேசு, நடுப்பகலில் ஒரு கிணற்றருகே உட்கார்ந்து, தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் திடுக்கிடுகிறாள். யூதராகிய நீர் என்னிடம் கேட்கலாமா என்கிறாள். யூதருக்கும் சமாரியருக்கும் சம்பந்தம் இல்லை என்று அங்கே ஒரு குறிப்பும் இருக்கிறது. அக்குறிப்பிலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு, ஒருவர் பாத்திரத்தை மற்றவர் சேர்ந்து புழங்குவதில்லை என்பதே பொருள் என்று வேத பண்டிதர் சிலர் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினர். ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அது அடிக்குறிப்பாகவும் ஏறியிருக்கிறது. இப்பொருளைக் காண மேல்நாட்டாருக்குக் கிரேக்க இலக்கணம் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை தொங்கக் கண்ட தமிழனுக்கு இலக்கணம் எதற்கு? கிணறும், குடமும், “என் கையால் குடிப்பீரா?” என்ற கேள்வியும் அவனுக்குப் பிறந்த நாள் முதல் பாடம் அல்லவா? இந்த அதிகாரத்துக்கு உலகத்திலேயே சிறந்த உரை தமிழிலே எழுந்திருக்க வேண்டும். பிரசங்க பீடங்களிலோ, அந்தப் பெண்ணுக்கு எத்தனை புருஷர் என்ற கணக்கே பெரிதாய்ப் போயிற்று. பாத்திரத்தின் கணக்கை எடுப்பாரைக் காணோம்.

இனிப் பந்தியிலுள்ள பாத்திரத்துக்கு வருவோம். கடைசி இராவிலே இயேசு பாத்திரத்தை எடுத்து, எல்லாரும் இதில் குடியுங்கள் என்னும் கருத்துப்படச் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். இந்த “எல்லாரும்” என்ற ஒரு சொல்லின்மேல் எத்தனை சங்கங்கள் கூடின! 1415 ஜூன் மாதம் கான்ஸ்டன்ஸ் நகரத்துச் சங்கம், குருக்களல்லாத மக்களுக்கு அப்பம் மட்டும் போதும், பாத்திரம் வேண்டுவதில்லை என்று விதித்தது. அப்பத்திலேயே கிறிஸ்து முழுமையாய் இருக்கிறார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அடுத்த மாதம் 6 ஆம் தேதி அதே சங்கம் யான் ஹுஸ் என்னும் போதகரைத் தீக்கிரையாக்கியது. அவரைப் பின்பற்றிய பொஹீமிய நாட்டு மக்கள், எங்களுக்கும் பாத்திரம் வேண்டும் என்று, பாத்திரத்தையே கொடியில் எழுதிக்கொண்டு பல்லாண்டு போர் செய்தார்கள். 1562 இல் டிரெண்ட் சங்கம் பழைய விதியையே நிலைநிறுத்தியது. 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சில சமயங்களில் மக்களுக்கும் பாத்திரம் தரலாம் என்று கதவைத் திறந்தது. கிழக்குச் சபையாரோ தொன்றுதொட்டு இரசத்தில் தோய்ந்த அப்பத்தைக் கரண்டியால் எல்லாருக்கும் ஊட்டி வருகின்றனர்.

மறுபுறத்தில் லூதர் எல்லாருக்கும் பாத்திரம் என்றார். ஆனால், “இது என் உடல்” என்றால் மெய்யாகவே உடலா, உடலுக்கு அடையாளமா என்ற கேள்வியில் அவரும் சுவிட்ஸர்லாந்துச் சுவிங்கிலியும் 1529 இல் மார்பர்க் நகரத்தில் மோதினார்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் உடன்பட்டவர்கள், இந்த ஒன்றில் உடன்படாமல் பிரிந்தார்கள். குவேக்கர்களும் இரட்சணிய சேனையாரும், வெளிச் சடங்கே வேண்டாம், உள்ளத்தில் உண்டால் போதும் என்று அப்பத்தையும் பாத்திரத்தையும் ஒருங்கே விட்டுவிட்டனர். இவ்வளவு வேற்றுமையும் ஒரு சிறு பகுதியின் மேல் எழுந்த வேற்றுமை. இதில் நாம் யாரையும் பழிக்கவில்லை. நூலை மதிப்பவர்கள்தாம் நூலின் சொல்லுக்காக வாதாடுவார்கள்.

ஆனால் இந்தப் பாத்திரம் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கியவுடன் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1706 ஜூலை 9 ஆம் தேதி சீகன்பால்குவும் புளூச்சௌவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இருவரும் லூதரின் வழியினர். அப்பமும் இரசமும் மெய்யாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் என்று நம்புகிறவர்கள். பாத்திரம் எல்லாருக்கும் உரியது என்று முந்நூறாண்டு வழக்கின் பயனாகப் பெற்றவர்கள். தமிழைக் கற்று, 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட அவர்களின் உழைப்பைத் தமிழுலகம் மறவாது. எனினும், அவ்வழியில் வளர்ந்த 18 ஆம் நூற்றாண்டுச் சபைகளிலே, உயர்ந்த ஜாதியார் என்று சொல்லிக்கொண்டோர் ஒரு பக்கமும், பறையர் என்று சொல்லப்பட்டோர் மறுபக்கமுமாக உட்கார்ந்தனர். பாத்திரம் முதலில் ஒரு சாராருக்கு, பின்பு மறு சாராருக்கு. சில இடங்களில் பாத்திரமே இரண்டு.

இதன் பொருளை நேயர்கள் ஊன்றிக் காண வேண்டும். கத்தோலிக்கக் கோவிலில் மக்களுக்குப் பாத்திரமே இல்லை. ஆகவே பாத்திரத் தீட்டும் இல்லை. மக்களுக்குப் பாத்திரத்தை வாங்கிக் கொடுத்தது எங்கள் சபை என்று எவர் பெருமை கொண்டாரோ, அவர் சபையிலேதான் பாத்திரம் இரண்டாயிற்று! கிறிஸ்துவின் மெய்யான இரத்தம் இதில் இருக்கிறது என்று அறிக்கை செய்த அதே வாய், அயலான் வாய் பட்டால் இது தீட்டு என்றும் எண்ணிற்று. இரட்சகரின் இரத்தத்தைக் காட்டிலும் சகோதரனின் எச்சிலுக்கு அதிக வல்லமை கொடுத்த இந்த நம்பிக்கைக்கு எந்தச் சங்கம் கூடிற்று? எந்தச் சங்கமும் கூடவில்லை. கான்ஸ்டன்ஸில் ஆயர்கள் கூடிச் செய்ததை, இங்கே வழக்கம் ஓசையின்றிச் செய்தது.

குருப்பட்டத்தில் நடந்ததும் இதுவே. 1733 இல் ஆரோன் என்னும் வேளாளர், தமிழருள் முதல் புரொட்டஸ்டண்டு குருவாக அபிஷேகம் பெற்றார். அதே காலத்தில் இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர் குலத்தவர், படையில் சேவகம் செய்தவர், கத்தோலிக்கராயிருந்து சுவிசேஷத்தைத் தாமே படித்துத் தெளிந்து மாறியவர், தஞ்சை நாட்டில் எதிர்ப்புக்கஞ்சாது உபதேசியாராய் உழைத்தவர். அவரைக் குருவாக்க மிஷனெரிமார் தயங்கினர். அவர் கையால் உயர்ந்த ஜாதியார் திருவிருந்து வாங்கமாட்டார்களே என்பது அவர்கள் அச்சம். இராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்து மறைந்தார். அவர் கல்வியில் குறை காணவில்லை. நடத்தையில் குறை காணவில்லை. கையில் குறை கண்டார்கள்!

கத்தோலிக்கர் இதைக் கேட்டு மகிழ வேண்டா. அவர்கள் கணக்கு இன்னும் பழையது. 1606 இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்ற பெயருடன் சந்நியாசி வேஷம் பூண்டு, பரவர்களுக்கென ஏற்கனவே அங்கிருந்த கோவிலிலிருந்து விலகித் தனிக் கோவில் வைத்தார். அவர் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. தமிழனாகத் தமிழனிடம் போக வேண்டும் என்ற அவர் கொள்கையும் நல்லதே. அவர் வழக்கு ரோமாபுரி வரை சென்றது. 1623 இல் பதினைந்தாம் கிரகோரியார், பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் ஆகியவற்றைக் குலச் சின்னமாக வைத்துக்கொள்ள அனுமதி தந்தார். அதே சாசனத்தில், உயர்குலத்தோர் என்று பெருமை கொள்வோர் தாழ்ந்தோரைக் கோவிலிலும், தேவ வாக்கியம் கேட்கும் இடத்திலும், தேவதிரவிய அனுமானங்களிலும் இகழ வேண்டாம் என்று கெஞ்சியும் எழுதியிருக்கிறார். அனுமதி இருநூறு முந்நூறு ஆண்டு நிலைத்தது. கெஞ்சியது காற்றில் போயிற்று. 1640 முதல் தாழ்த்தப்பட்டோருக்கென்று பண்டாரசுவாமிகள் என்ற தனிக் குருமாரே ஏற்பட்டார்கள். சுவிசேஷத்துக்குத் தமிழ் உடை தைக்கப் புகுந்தவர்கள், உடையோடு சேர்த்து அழுக்கையும் தைத்துவிட்டார்கள்.

மறுத்தவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1833 ஜூலை மாதம் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன், ஜாதி வேற்றுமை சபையில் உறுதியாக, உடனடியாக, அடியோடு ஒழிய வேண்டும் என்று கட்டளைக் கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும், தஞ்சாவூரிலும், திருச்சிராப்பள்ளியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். 1835 தொடக்கத்தில் அவரே நேரில் வந்து பேசிப் பார்த்தார். மூன்றாண்டு கழித்து நம் மலாக்காச் சிவப்புக் கோவிலைப் பிரதிஷ்டை செய்த பேராயர் இவரே என்பதை நம்மூர்க் கிறிஸ்தவருள் எத்தனை பேர் அறிவார்கள்? அக்கோவிலின் பீடத்தருகே கடைசி இராவிருந்தின் காட்சி ஓடுகளில் தீட்டப்பட்டிருக்கிறது. சுற்றுலா வருவோர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பந்தியில் பாத்திரம் ஒன்றுதான் என்பதை நாமாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா? 1847 இல் மதுரை அமெரிக்கன் மிஷன் இன்னும் ஒரு படி போயிற்று. சமபந்தியில் உட்கார்ந்து உண்டு ஜாதி விட்டதைக் காட்டாதவர் உபதேசியாராய் இருத்தல் கூடாது என்றது. பல உபதேசியார்கள் வேலையை விட்டுப் போனார்கள். மிஷன் பொருட்படுத்தவில்லை.

இவர்களை எதிர்த்தவர்களின் நியாயத்தையும் கேட்போம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாமானியரல்லர். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் தூண். புதிய மிஷனெரிமார் செய்த கொடுமைகள் என்று அவர் நான்கைச் சொன்னார்: பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துவது, எல்லா ஜாதியாரையும் ஒன்றாக்குவது, விழாக்களில் மலரை விலக்குவது, கோவிலில் தமிழ்க் கீர்த்தனையைத் தடுப்பது. இந்நான்கில் மூன்றில் நியாயம் அவர் பக்கமே. மலர் என்ன பாவம் செய்தது? கீர்த்தனை என்ன பாவம் செய்தது? மேல்நாட்டுப் பழக்கத்தையே சுவிசேஷமென்று திணித்த அறியாமையை அவர் கண்டித்தது சரி. ஆனால் மலரையும் இசையையும் காக்க எழுந்த அதே நியாயத்தின் நிழலில் ஜாதியையும் உட்கார வைத்தாரே, அங்கேதான் நாம் அவரை விட்டுப் பிரிகிறோம். மலர் எவனையும் வெளியே நிறுத்துவதில்லை. ஜாதி நிறுத்துகிறது. ஒரு வழக்கம் தமிழ் வழக்கமா, அன்னிய வழக்கமா என்பது இரண்டாவது கேள்வி. அது மனிதனை வெளியே நிறுத்துகிறதா என்பதே முதற் கேள்வி.

“வெள்ளைக்காரனுக்கு மட்டும் அந்தஸ்து வேற்றுமை இல்லையா?” என்றும் அக்காலத்தில் கேட்டார்கள். உண்டு. அந்நாளில் இங்கிலாந்துக் கோவில்களில் வாடகை கொடுத்தவனுக்கு முன் இருக்கை, ஏழைக்குப் பின் இருக்கை. அது கண்டிக்கத்தக்கதே. ஆனால் அயல்வீட்டுக்காரன் வீட்டில் சாக்கடை இருக்கிறது என்பது நம் வீட்டுச் சாக்கடையைச் சந்தனமாக்கிவிடுமா?

இவர்கள் எல்லாரிலும் வலிய வாதத்தை எடுத்து வந்தவர் லைப்சிக் லுத்தரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரால். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் சுற்றிப் பார்த்தவர், தமிழ் கற்றவர். ஜாதி என்பது சமூக அந்தஸ்து. அதைச் சட்டம் போட்டு ஒழிப்பது சுவிசேஷ முறையன்று. சேர்ந்து உண்டால்தான் கிறிஸ்தவன் என்பது கிருபையின் இடத்தில் புதிய நியாயப்பிரமாணத்தை வைப்பது. விசுவாசம் உள்ளே வேலை செய்து தானாக அதைக் கரைக்கும் என்பது அவர் வழியினரின் கொள்கை. ஆங்கிலச் சபையில் மனம் புண்பட்ட வேளாளர் பலர் இக்கொள்கையின் நிழலில் லுத்தரன் சபையில் சேர்ந்தார்கள். வாதம் நயமானது. ஆனால் லூதர் எந்த நிருபத்தைத் தம் மனைவியின் பெயரிட்டுக் கொண்டாடினாரோ, அந்தக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, யெருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினான். பவுல் அவனை எல்லார் முன்பும் எதிர்த்தான். ஏன்? பந்தியிலிருந்து விலகுவதே சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு மாறான நடை என்று சொல்லி எதிர்த்தான். சேர்ந்து உண்பது புதிய பிரமாணம் என்றார்கள் லைப்சிக்கார். விலகி உண்பதே பழைய பிரமாணம் என்றான் பவுல். லூதரின் பிள்ளைகள் லூதரின் நேச நிருபத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்திருக்கலாகாதா?

இன்றும் பொறுமை பேசுவோர் இரண்டு உவமைகளைக் கையில் எடுப்பார்கள். ஒன்று கோதுமையும் களையும். அறுவடை மட்டும் இரண்டும் சேர்ந்து வளரட்டும். இப்போது பிடுங்க வேண்டாம் என்று எஜமான் சொன்னாரல்லவா என்பார்கள். இவ்வுவமைக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. ஆப்பிரிக்காவிலே டொனாட்டிஸ்டுகள் என்பார், சபையில் பாவிகள் இருத்தலாகாது என்று பிரிந்தபோது, அகுஸ்தீனார் இவ்வுவமையைக் காட்டியே அவர்களை மறுத்தார். நிலம் என்பது உலகம் என்று இயேசுவே பொருள் சொல்லியிருக்க, அதைச் சபை என்று நீர் எப்படி மாற்றலாம் என்று 411 இல் கார்த்தேஜ் நகரத்து வாதத்தில் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவ்வழக்கு எவ்வாறாயினும் ஆகுக. நாம் ஒன்று கேட்கிறோம்: அங்கே களை என்பது யார்? மனிதர். மனிதரைப் பிடுங்காதே என்பது உவமை. சுவரைப் பிடுங்காதே என்று எங்கே இருக்கிறது? இரண்டாம் பாத்திரத்தை அகற்றாதே என்று எங்கே இருக்கிறது? மனிதனுக்குச் சொன்ன இரக்கத்தைச் செங்கல்லுக்குக் கொடுப்பது எந்த வியாக்கியானம்?

மற்றொன்று புளித்த மாவு. கொஞ்சம் கொஞ்சமாய் மா முழுதும் புளிக்கும், பொறுங்கள் என்பார்கள். மெய். ஆனால் அந்த உவமையிலுள்ள பெண் புளித்த மாவை மாவுக்குள்ளே வைத்துப் பிசைந்தாள். தனிப் பானையில் மூடி வைத்துவிட்டுப் புளிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். உறைமோரை அடுப்படியிலும் பாலைத் திண்ணையிலும் வைத்தால் தயிர் ஆகுமா என்று.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் பெருவிருந்து உவமை இருக்கிறது. அழைக்கப்பட்ட பெரியவர்கள் சாக்குச் சொன்னபோது, தெருவிலும் சந்திலும் உள்ள ஏழைகளையும் ஊனரையும் கூட்டி வரச் சொல்லி, இன்னும் இடமிருக்கக் கண்டு, வேலியோரம் நிற்பவரையும் வருந்தி உள்ளே கொண்டுவா என்கிறான் வீட்டெஜமான். இந்த “வருந்தி” என்ற சொல்லை அகுஸ்தீனார் டொனாட்டிஸ்டுகள் மேல் அரசாங்க பலத்தைப் பிரயோகிப்பதற்கு ஆதாரமாக்கினார். பிற்காலத்தில் வற்புறுத்தி மதத்தில் வைக்க விரும்பினோர் பலரும் அதையே பற்றிக்கொண்டார்கள். கோவாவில் 1560 முதல் 1812 வரை விசாரணை மன்றம் நடந்தது. வேறு விசுவாசம் உடையவனை உள்ளே தள்ளுவதற்குப் பலாத்காரம் வரை செல்லும் என்று பொருள் கண்ட சபை, ஒரே விசுவாசமுடைய இருவரை ஒரே பாயில் உட்கார வைப்பதற்கு மட்டும் “வற்புறுத்தலாகாது” என்று பொருள் கண்டது! ஏழைகளுக்காகச் சொல்லப்பட்ட உவமை, ஏழைகளைத் தவிர எல்லார் மேலும் பிரயோகமாயிற்று.

வடக்கன்குளம் என்னும் ஊரை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள அவ்வூரில் 1872 இல் ஒரு கத்தோலிக்கக் கோவில் கட்டினார்கள். கால்சட்டையின் இரு கால்களைப்போல இரண்டு கூடங்கள்; ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார்; இரண்டும் கூடும் இடத்தில் ஒரே பீடம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாமல் ஒரே கடவுளை இருசாராரும் பார்க்கலாம்! கட்டிடக் கலையில் இப்படி ஓர் அற்புதத்தை ரோமாபுரியும் கண்டதில்லை. 1910 இல் கௌசானல் சுவாமி அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளர் நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் வழக்கை ஏற்கவில்லை. சுவிசேஷத்தைப் படித்துத் தீராததை, நியாயாதிபதி சிவில் சட்டத்தைப் படித்துத் தீர்க்க வேண்டியதாயிற்று.

“இவை பழங்கதை” என்பார் உளர். 2008 மார்ச் மாதத்தில், அந்நாள் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், ஒரே கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கர் இரு ஜாதியாய்ப் பிரிந்து மோதினார்கள். சமமாக நடத்துங்கள், இல்லையேல் எங்களுக்குத் தனிப் பங்கு தாருங்கள் என்று தாழ்த்தப்பட்டோர் கேட்டது காரணம். போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, சபைக்குள் தீண்டாமை நிலவுகிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொண்டது வீரம், அதைப் போற்றுகிறோம். ஆனால் தெ நொபிலி வந்து 410 ஆண்டு கழிந்தது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

புரொட்டஸ்டண்டு சபைகளில் இப்போது இரண்டு பாத்திரம் இல்லை. பல சபைகளில் ஒரு பாத்திரமும் இல்லை! 1890 களில் அமெரிக்காவில் நோய்க்கிருமிக்கு அஞ்சி ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் புகுந்தது. அது சுகாதார முறைப்படி நல்லதாயிருக்கலாம். 2020 இல் வந்த கொள்ளை நோய்க்குப் பின் மறுப்பாரும் குறைவு. ஆனால் பவுலுக்கு இணங்காத நம்மவர் கிருமிக்கு இணங்கினார்கள் என்று ஆகிவிடலாகாது. பாத்திரச் சண்டை ஓய்ந்தது. அது மனம் திருந்தி ஓய்ந்ததா, பாத்திரமே மறைந்ததால் ஓய்ந்ததா? ஜாதி இன்று திருவிருந்தில் இல்லை என்றால் எங்கே போயிற்று? கலியாண விளம்பரத்தைப் பாருங்கள். “ஆர்.சி. வேளாளர்”, “சி.எஸ்.ஐ. நாடார்” என்று அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ரோமன் கத்தோலிக்கம் என்ற பெயரையும் ஜாதி என்ற பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத அந்தக் கைக்கு நடுக்கம் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். “மலேசியாவில் ஜாதி இல்லை, அது இந்தியாவின் நோய்” என்பது நம்மவர் அடிக்கடி சொல்லும் ஆறுதல். யுத்தத்துக்கு முன் இருந்த தோட்டங்களில், கங்காணி ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தபோது ஜாதியையும் கட்டி வந்தார். ஒரு ஜாதிக்கு ஒரு லயம் என்று பிரித்து வைத்த தோட்டங்கள் இருந்தன. 1938 இல் ஆள்கட்டு நின்றது. லயங்களும் பெரும்பாலும் கலைந்தன. மக்கள் தோட்டம் விட்டுப் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். வெளிச் சுவர் இடிந்தது மெய். ஆனால் பெண் பார்க்கப் போகும் வீட்டில், “உங்களுக்கு ஊரில் எந்தப் பக்கம்?” என்று ஒரு கேள்வி மெதுவாக எழுகிறதே, அது பூகோளக் கேள்வியா? பாட்டனும் காணாத ஊரின் பெயரைப் பேரனிடம் கேட்பது எதற்கு? சுவர் இடிந்து கேள்வியாய் நிற்கிறது. செங்கற் சுவரை இடிக்க ஒரு கௌசானல் சுவாமி போதும். இந்தச் சுவருக்குக் கடப்பாரை அவரவர் வீட்டில்தான் இருக்கிறது.

நாம் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். பால்மரக் காடுகள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்ட இந்நாளிலும், பழைய பால்வெட்டுத் தொழிலாளிகள் ஒன்றை மறக்கவில்லை. மரத்துக்கு ஒரு மங்கு, மங்கிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து ஸ்டோரிலுள்ள பெருந்தொட்டிக்கு. அங்கே எல்லார் பாலும் ஒன்று. இது இன்ன ஜாதியான் வெட்டிய பால் என்று தனியே உறைய வைத்த துரை எவனும் இல்லை. ஏனென்றால் அதில் அவனுக்கு இலாபம் இல்லை. இலாபத்துக்காக ஒரு தொட்டியில் ஊற்றத் தெரிந்த நாம், இரட்சிப்புக்காக ஒரு பாத்திரத்தில் குடிக்க முந்நூறாண்டு தயங்கினோம் என்றால், நாம் எதை உயர்வாக மதித்தோம் என்று கேட்கப்படாதா?

கிறிஸ்தவ சகோதரர்களே! அப்பம் உடலா அடையாளமா என்று வாதாடுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் நான்கு காரியங்களுக்கு வாதம் வேண்டியதில்லை. கலியாண அறிக்கையிலும் விளம்பரத்திலும் ஜாதிப் பெயர் வாராதிருக்கட்டும். ஜாதி கேட்டு நடக்கும் சம்பந்தத்தைக் குருமார் முகத்துக்கு நேரே கண்டிக்கட்டும்; பவுல் பேதுருவைக் கண்டித்ததற்கு மேல் இது கடினமன்று. ஆண்டுக்கு ஒரு முறையாவது யோவான் நான்காம் அதிகாரத்தைப் பாத்திரத்தின் பக்கமிருந்து பிரசங்கியுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலே, ஆரோன் பெயரோடு இராஜநாயக்கன் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கிறிஸ்தவரல்லாத தோழர்களே! இதைப் படித்து நகைத்துவிட்டுப் போகாதீர்கள். எல்லாரும் என்று வெளிப்படையாக எழுதிய நூலையே நம் ஜாதிப் புத்தி இவ்வளவு காலம் ஏமாற்றியிருக்குமானால், அவ்வாறு எழுதாத நூல்களைக் கையில் வைத்திருப்பவர் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்! மதம் மாறுவதால் மட்டும் ஜாதி போகாது; நாடு மாறுவதால் மட்டும் போகாது; மொழிபெயர்ப்பு மாறுவதாலும் போகாது. வசனத்துக்குப் பொருள் அகராதியில் முடிவதில்லை; பந்தியில் முடிகிறது. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார், யார் கையால் யார் குடித்தார், யார் வீட்டில் யார் பெண் கொண்டார் என்பதே உரை. மற்றதெல்லாம் அடிக்குறிப்பு.